அரையடிக் குழாய் சொன்ன கணக்கு

வயலில் தண்ணி நிற்காவிட்டால் அப்பாவுக்குத் தூக்கம் வராது. சிவகங்கைப் பக்கம் கம்மாய் வற்றினால் கிணற்று மோட்டார்தான் கதி. போன வருசம், ஓட்டை போட்ட பிவிசி குழாயை வயலில் புதைத்தேன். குழாய்க்குள் தண்ணீர் மண்மட்டத்துக்குக் கீழே 15 செ.மீ. இறங்கிய பிறகே மோட்டார். பூக்கும்போது மட்டும் வயலில் தண்ணீரைத் தேக்கி வைத்தேன். அப்பா முணுமுணுத்தார், மூட்டை குறையவில்லை.

சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் பரப்பிய இம்முறையில் 30 சதவீதம் வரை தண்ணீர் மிச்சமாகும். ஆனால் 1990 முதல் உழவுக்கு மின்சாரம் இலவசம். மோட்டாரை நிறுத்த யாருக்கு மனம் வரும்? மானிய விதையோடு இந்தக் குழாயையும் கொடுங்கள். கரண்டுக்குத்தான் காசில்லை; கிணற்றுக்கு அடி உண்டு.