முக்கால் நிமிடம்



இருவர் சந்தித்து வாழ்த்துக் கூற எவ்வளவு நேரம் தேவை? முக்கால் நிமிடம் போதும் என்போம். அந்த முக்கால் நிமிடத்தையே பத்து நிமிடங்களாக விரித்துக் காட்டினார் ஒரு கலைஞர். அமெரிக்க நாட்டவரான பில் வயோலா (1951–2024) என்பது அவர் பெயர். தூரிகைக்குப் பதிலாக வீடியோவைக் கையாண்டவர் அவர்.

இத்தாலியில் ப்ளோரன்ஸ் நகருக்கு அண்மையிலுள்ள கார்மிஞ்ஞானோ ஊர்க் கோயிலில் ஓவியம் ஒன்று உள்ளது. மரியன்னையும் எலிசபெத்தம்மாளும் தழுவி நிற்கும் காட்சியை 1528ஆம் ஆண்டளவில் பொந்தோர்மோ என்பவர் அதில் தீட்டினார். அவ்வோவியத்தால் தூண்டப்பெற்ற வயோலா, 1995இல் வெனிஸ் நகரக் கலைவிழாவில் ‘வாழ்த்து’ எனப் பொருள்படும் படைப்பை அளித்தார்.

காட்சி மிக எளியது. தெருவில் இரு பெண்கள் உரையாடி நிற்கின்றனர். வேறொருத்தி வருகிறாள். அவ்விருவருள் ஒருத்திக்கு அவள் நெருங்கிய தோழி. மற்றவளுக்கோ முன்பின் அறியாதவள். வந்தவள் தோழியைத் தழுவிக் காதோடு ஏதோ கூறுகிறாள். பின்னர் அறிமுகம் நிகழ்கிறது. அவ்வளவே.

சாதாரணத் திரைப்படத்தில் விநாடிக்கு 24 படங்கள் ஓடும். அதைவிடப் பன்மடங்கு படங்களை ஒரு விநாடியில் பதிவுசெய்து, இயல்பான வேகத்தில் ஓட்டினால் நிகழ்ச்சி மெதுவாய் நகரும். இவ்வாறு 45 விநாடிகள் பத்து நிமிடங்களாயின. ஆடை காற்றில் அலைவதும், முகங்கள் மலர்வதும் மெல்ல மெல்லப் புலனாகின்றன.

அப்போதுதான் மற்றொன்றும் கண்ணிற்படுகிறது. தழுவி நிற்கும் இருவருக்கு அருகே மற்றவள் தனித்து நிற்கிறாள். சற்றுமுன் தன்னோடு பேசியவள் இப்போது தன்னை மறந்துவிட்டாள். இயல்பான வேகத்தில் இதனை யார் கவனித்திருப்பர்?

இதை எண்ணியபோது நமக்கு வெட்கம் உண்டாயிற்று. ஞாயிறு திருப்பலி முடிந்து கோயில் வாசலில் நிற்கையில், “சாமி, தோத்திரம்” என்று பலர் வருகின்றனர். பழகியவரோடு அளவளாவுகிறோம். ஓரமாய்க் காத்திருந்து, பேசாமலே திரும்பிப் போகும் ஏழை மூதாட்டியை எத்தனை முறை கவனித்தோம்? கடிகாரத்தையல்லவா கவனித்தோம்!

மரியன்னை மலைநாட்டுக்கு விரைந்து சென்றதாகப் புனித லூக்கா எழுதுகிறார். ஆனால் சென்ற இடத்தில் அன்னை அவசரப்படவில்லை. ஏறத்தாழ மூன்று மாதங்கள் தங்கினார். நாமோ பிறர் இல்லம் செல்லத் தாமதிக்கிறோம். சென்றவுடன் திரும்ப விரைகிறோம்.

அடுத்த முறை உறவினர் இல்லத்திற்கு வரும்போது, பேச்சில் சேராமல் நிற்பவர் யாரென்று சற்றே திரும்பிப் பாருங்கள். வயது முதிர்ந்த மாமியாராக இருக்கலாம். புதிதாய் வந்த மருமகளாக இருக்கலாம். அவரிடம் ஒரு சொல் பேசுங்கள். அதற்குப் பத்து நிமிடம் வேண்டுவதில்லை. முக்கால் நிமிடம் போதும்.