தப்பும் வேண்டும், தம்பூராவும் வேண்டும்!

“பாட்டுக் கேட்டே பிள்ளைகள் பாழாகிறார்கள்” என்னும் ஓலம் நாவலப்பிட்டிப் பகுதியிலே பலமாகக் கேட்கிறது. பெற்றோர் சொல்கின்றனர், ஆசிரியர் சொல்கின்றனர், பரிசளிப்பு விழாக்களில் மேடையேறும் பெரியவர்களும் தவறாது சொல்கின்றனர். தொலஸ்பாகை மலையிலிருந்து காலையில் நகருக்கு இறங்கும் பேருந்திலே பதினைந்து வயதுப் பையனின் காதிலே பாட்டு. மாலையில் லயத்து வாசலிலே அவன் தங்கையின் கையிலுள்ள கைப்பேசியிலே பாட்டு. பாடம் படிக்கும் வேளையிலும் பாட்டு. இதுவே குற்றப்பத்திரிகை. எதிரிகள் பக்கம் எழுந்து பேச எவரும் இல்லாமையால், அப்பொறுப்பை நாம் ஏற்கிறோம்.

பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவிலே, ஒரு குடும்பம் முழுவதும் சமைத்து, உண்டு, உறங்கும் இடத்திலே வளரும் பிள்ளைக்குத் தனியறை ஏது? துயரம் வந்தால் ஒதுங்கியிருக்க இடம் ஏது? காதிலே செருகிய சிறு கருவிதான் அந்தப் பிள்ளையின் தனியறை. வெள்ளைக்காரன் கட்டிய லயத்தை இடித்து வீடு கட்டித்தர வக்கற்ற நாம், அந்தப் பாட்டையும் பறிக்கப் புறப்படுவது எந்த ஊர் நியாயம்?

மேலும், இன்று கண்டிக்கும் பெரியவர்கள் எதைக் கேட்டு வளர்ந்தனர்? இலங்கை வானொலியின் தமிழ் வர்த்தக சேவையைத் தமிழகமே காத்திருந்து கேட்ட காலம் ஒன்றிருந்தது. அதிலே ஒலித்தவையும் பெரும்பாலும் திரைப்பாடல்களே. அத்தலைமுறை கெட்டுப்போயிற்றா?

பிள்ளைகள் பாட்டுக் கேட்பது குறையன்று. அவர்கள் கேட்பவற்றுள் தாம் பிறந்த மண்ணின் பாட்டு அரிதாயிருப்பதே குறை. அக்குறைக்குப் பிள்ளைகள் பொறுப்பல்லர்.

மலையகத்துக்கு இசையில்லாமற் போகவில்லை. விடியுமுன் தொழிலாளரைப் பெரட்டுக்கு எழுப்பியது தப்பு. துரைக்காக அடித்த அதே தப்பை, மாசி மாதத்திலே நம் மக்கள் தமக்காகவும் அடித்தனர். காமன் கூத்திலே ரதியும் மதனும் ஆட இரவெல்லாம் அது முழங்கிற்று. பொன்னர் சங்கரும் அருச்சுனன் தபசும் தோட்டந்தோறும் ஆடப்பட்டன. கொழுந்தெடுத்த பெண்கள் கங்காணியின் கொடுமையைப் பாட்டிலே வைத்துப் பாடினர். இழவு வீட்டிலே ஒப்பாரி கட்டினர். 1947இல் தலவாக்கலையின் நாடாளுமன்ற உறுப்பினராகிய சி. வி. வேலுப்பிள்ளை, தொழிற்சங்கப் பணிக்கிடையே இப்பாடல்களையும் தேடித் திரட்டினார். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் நாடற்றோராக்கிய மக்களுக்குப் பாட்டும் ஒரு சான்றாவணம் என்பதை அவர் உணர்ந்திருந்தார் போலும்!

2021இல் ‘என்ஜாய் எஞ்சாமி’ என்னும் பாட்டு வெளிவந்தது. தீயும் அறிவும் பாடிய அது உலகத் தமிழ்ப் பிள்ளைகள் அனைவரின் காதிலும் ஏறிற்று. அதற்கு ஊற்றாயிருந்தவர் தம் பாட்டி வள்ளியம்மாள் என்றார் அறிவு. இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலே உழைத்துப் பின்னர் இந்தியா சேர்ந்தவர் அந்த மூதாட்டி. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பத் தீர்மானித்ததை நாம் அறிவோம். தேயிலைத் தோட்டத்துப் பாட்டியின் குரல் சென்னையைச் சுற்றி, கைப்பேசி வழியே நாவலப்பிட்டி லயத்துக்குத் திரும்பி வந்திருக்கிறது! பேரப்பிள்ளைகள் அதனைக் கொண்டாடுகின்றனர். அடுத்த காம்பராவிலே அதே ஒப்பாரியை நெஞ்சிலே வைத்திருக்கும் கிழவியிடம் மட்டும் எவரும் கேட்பதில்லை.

ஏன் கேட்பதில்லை? உள்ளதைச் சொல்லிவிடுவோம். தப்பு ‘தாழ்ந்த’ கையின் கருவி என்னும் சாதி அழுக்கு நம்மை விட்டு இன்னும் போகவில்லை. படித்த பையன் தப்பெடுத்தால் வீட்டாருக்கு வெட்கம்! கண்டியிலே என்ன நடந்தது? மலைநாட்டுச் சிங்களவரின் கெட்டபெர மேளமும் ஒருகாலத்திலே தாழ்வாக நடத்தப்பட்ட சாதியாரின் கைத்தொழிலாகவே இருந்தது. இன்றோ அரசாங்கப் பாடசாலைகளிலே எல்லா வகுப்புப் பிள்ளைகளும் அதனைப் பயில்கின்றனர். தமிழகத்திலும் 1990 முதல் திண்டுக்கல் சக்தி கலைக்குழுவின் பெண்கள் பறையைக் கையிலெடுத்து, தலைநிமிர்ந்து மேடையேறுகின்றனர்.

நம் பிள்ளைகளுக்குச் சாதாரணதரப் பரீட்சையிலே கர்நாடக சங்கீதம் ஒரு பாடமாக உண்டு. அதனை நாம் வேண்டாமென்று சொல்லவில்லை. தோட்டத்துப் பிள்ளைக்குத் தியாகராசரும் உரியவரே. ஆனால், மேற்கொண்டு பயில யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்கோ மட்டக்களப்பின் விபுலானந்த நிறுவகத்துக்கோ போகவேண்டும். கூலிக்காரன் மகளுக்கு அது எத்துணைத் தொலைவு!

அரசியலமைப்பின் 27(10)ஆம் உறுப்புரை மக்களின் பண்பாடுகளை வளர்க்க உதவுவது அரசின் கடமை என்கிறது. 29ஆம் உறுப்புரையோ அக்கடமைக்காக எவரும் நீதிமன்றம் ஏற முடியாதென்று கதவடைக்கிறது. பிள்ளைகள் கலை வாழ்விலே பங்குபற்றும் உரிமையைக் கூறும் ஐ. நா. சிறுவர் உடன்படிக்கையின் 31ஆம் உறுப்புரையை 1991இலேயே இலங்கை ஏற்றது. ஏட்டிலே எல்லாம் இருக்கின்றன. வழக்காடிப் பெற முடியாததை வற்புறுத்தித்தான் பெறவேண்டும்.

நாவலப்பிட்டி, கினிகத்தேனைப் பகுதித் தோழர்கள் மாசி வருமுன் பாடசாலை அதிபர்களை நேரிற் கண்டு இரண்டு கேட்கவேண்டும். தோட்டத்திலே தப்படிக்கும் முதியவரைக் கிழமைக்கு ஒரு மணி நேரமாவது ஆசானாகப் பாடசாலைக்குள் அழைக்கவேண்டும். அவருக்குரிய ஊதியமும் தரவேண்டும். பறிக்கத் துடிக்கும் அதே கைப்பேசியிலே பிள்ளைகள் தம் பாட்டிமாரின் பாடல்களைப் பதிவுசெய்து வந்தால், அதற்குப் புள்ளி வழங்கவேண்டும். மறுக்கும் அதிபரிடம் காரணத்தை எழுத்திலே கேட்டு வாங்குங்கள். மாகாணக் கல்வித் திணைக்களத்தின் முன் அதனை நாம் வைப்போம்.