கைக்கேற்ற கருவி

கணிப்பொறித் திரையில் அம்புக்குறியை நகர்த்தச் சுட்டெலி ஒன்றே ஏற்றது எனப் பலர் கருதுவர். அக்கருத்து பொருந்தாது. அமெரிக்க அறிஞர் டக்ளஸ் எங்கல்பார்ட், 1960-களில் தாம் படைத்த சுட்டெலியைப் பிற கருவிகளோடு ஒப்பிட்டு ஆராய்ந்தார். பழகியோர்க்குச் சுட்டெலி சிறந்து விளங்கியது. புதியோர்க்கோ, திரையில் வைத்துச் சுட்டும் ஒளிப்பேனாவும் முழங்காலால் இயக்கும் கருவியும் எளிதாயின. கனடாக் கடற்படைக்கென 1952-ஆம் ஆண்டளவில் அமைந்த உருள்பந்துக் கருவி சுட்டெலிக்கும் மூத்தது; அதில் பந்தை உருட்டினாற் போதும், கையை இடம்பெயர்க்க வேண்டுவதில்லை. இன்று கை இயங்காதார் தலையசைவாலும் விழியசைவாலும் எழுதுகின்றனர்.

எல்லார்க்கும் உடல் ஒன்றுபோல் அமைவதில்லை. ஆதலின் மனிதனுக்கு ஏற்பக் கருவியை அமைத்தலே அறிவுடைமை. பள்ளிதோறும் இத்தகைய கருவிகள் இருத்தல் வேண்டும். கை நடுங்கும் ஒரு மாணவனின் கல்வி, கருவியின்மையால் தடைப்படுதல் அறமாகுமோ?