பதிவேட்டில் விழாத குணம்

மருத்துவமாதின் குணத்துக்கும் வேலைத்திறனுக்கும் என்ன தொடர்பு? இந்தக் கேள்வியை ஆராய்பவர்கள் வழக்கமாக ஒரு வினாக்கொத்தைக் கொடுத்து ஐந்து குணங்களுக்குப் புள்ளியிடுவார்கள். பிறகு அதை மேலதிகாரியின் மதிப்பீட்டோடு பொருத்திப் பார்ப்பார்கள். பொறுப்புணர்வுதான் முன்னுக்கு வரும். 1991இல் பாரிக், மவுண்ட் என்ற இரு ஆய்வாளர்கள் 117 ஆய்வுகளைத் தொகுத்தபோதும் எல்லாத் தொழில்களிலும் அதுவே நின்றுபிடித்தது. ஆனால் தொடர்பின் அளவு 0.2ஐ ஒட்டியதுதான். அதாவது, ஆளுக்கு ஆள் திறன் வேறுபடுவதில் 5 வீதம்கூட அதனால் விளங்காது. ஆட்சேர்ப்பில் குணப் பரீட்சை வைக்கலாம் என்போர் இதை ஏனோ சொல்வதில்லை.

எங்களுக்குள்ள சந்தேகம் வேறு. மேலதிகாரி எதைப் பார்த்துப் புள்ளியிடுகிறார்? சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் மாதாந்தக் கூட்டத்தில் மேசைக்கு வருபவை பதிவேடுகள். அவற்றை நேரத்துக்கு, பிழையின்றி நிரப்புபவர் பொறுப்புணர்வு மிக்கவர். அவருக்கே நல்ல மதிப்பீடும் கிடைக்கும். ஒரே பொருளை இரண்டு தராசில் நிறுத்துவிட்டு நிறை ஒத்துப்போகிறது என்று மகிழ்வதுபோல இருக்கிறது.

மன்னார்–மதவாச்சி வீதியில் உயிலங்குளத்தில் திரும்பி, வயல்வெளி தாண்டி ஒரு கர்ப்பவதியின் வீட்டுக்குப் போகும் குடும்பநல உத்தியோகத்தரை, அதாவது வெளிக்கள மருத்துவமாதை, நினைத்துப் பாருங்கள். அறுவடைக் காலம். "அவளுக்கு ஒண்டுமில்லை மிஸ், நல்லாச் சாப்பிடுறாள்" என்று மாமியார் முந்திக்கொள்வார். அதோடு எச் 512 என்ற கர்ப்பப் பதிவு அட்டையை நிரப்பிக்கொண்டு எழும்பினால் பதிவில் ஒரு குறையும் தெரியாது. இன்னொருவர் தேத்தண்ணி கேட்டு மாமியாரை அடுப்படிக்கு அனுப்பிவிட்டு, "தலையிடி இருக்கோ பிள்ளை? கண் மங்குதோ?" என்று மெல்ல விசாரிப்பார். வீங்கிய கால்களையும் உயர்ந்த இரத்த அழுத்தத்தையும் கண்டுபிடித்து வைத்தியசாலைக்கு அனுப்புகிறவர் இவர்தான். அன்று இவர் போகாமல் விட்ட வீடுகள் மட்டும் மாதக் கணக்கில் குறைவாக விழும்.

வெளிக்களத்தில் இவரைப் பார்க்க யாருமில்லை. தன் முடிவில் வேலை செய்ய இடமிருக்கும் பதவிகளில்தான் குணம் கூடுதலாக வெளிப்படும் என்று பாரிக்கும் மவுண்டும் 1993இல் மேலாளர்களை வைத்துக் காட்டினார்கள். பிரசவ அறையிலோ நெறிமுறையும் பக்கத்தில் நிற்பவர்களும் அந்த இடத்தைச் சுருக்கிவிடுவார்கள். அதனால் விடுதியில் பணியாற்றுபவரையும் வெளிக்களத்தில் திரிபவரையும் ஒரே மாதிரியில் போட்டுக் கலக்குவது தவறு. இன்னொன்று: தனித்து முடிவெடுத்த அந்த மேலாளர்களில் இணக்கம் குறைந்தவர்களே நன்றாகச் செய்திருந்தார்கள். அதைக் கொண்டுவந்து மாமியாரைச் சமாளிக்கும் நம்மவர்மேல் பூட்ட முடியுமா?

அந்த ஐந்து குணங்களில் இன்னொன்றான மனநிதானத்தை அளக்கும்போதும் கவனம் வேண்டும். வெற்றிடமான பக்கத்துப் பிரிவையும் பதில் கடமையாகச் சுமப்பவர் எரிச்சலோடு விடையளித்தால் அதற்குக் களைப்பும் காரணமாகலாம். அதைப் பிறவிக்குணம் என்று எழுதிவைப்பது அநியாயம்.

ஆகவே இத்துறையில் எமது இதழுக்குக் கட்டுரை அனுப்புவோரிடம் மூன்று விபரங்கள் கேட்போம்: பங்கேற்றவர் எத்தனை பிரிவுகளைப் பார்க்கிறார், கிளினிக் தவறிய தாயை மறுபடி தேடிப்போனாரா, அந்தத் தாய் அவரைப் பற்றி என்ன சொல்கிறார். மேலதிகாரியின் புள்ளியை மட்டும் நம்பி எழுதியவை திருப்பி அனுப்பப்படும்.