கணினி மணற்பெட்டிக்குள் ஒரு பிடி உமி

பவுடர் டோய் என்றொரு இலவசக் கணினி விளையாட்டு உண்டு. திரையில் துகள்களைத் தூவினால் அவை வீழும், எரியும், உருகும், வெடிக்கும். வெப்பத்தையும் காற்றமுக்கத்தையும் கணினி இடைவிடாது கணித்துக்கொண்டிருக்கும். பௌதிகத்தை விளையாட்டாகக் கற்க இதனைவிட நல்ல வழியை நான் கண்டதில்லை. அதன் மூலநிரல் திறந்தே கிடக்கிறது. லுவா மொழியறிந்த எவரும் புதியதொரு பொருளைச் சேர்க்கலாம்.

எனக்கு அதில் ஒரு குறையுண்டு. ஆற்றல் வேண்டுமாயின் யுரேனியம், புளுத்தோனியம், நிலக்கரி, எண்ணெய் எனப் பட்டியல் நீள்கிறது. கிரானில் இருந்து விளையாடும் சிறுவன் புளுத்தோனியத்தை வெடிக்கவைப்பான். அவன் ஊரின் நெல் ஆலையருகே குவியும் எரிபொருளோ அங்கு இல்லை. ஆகவே உமியைச் சேர்க்கவேண்டும் என்பது எனது முன்மொழிவு.

இது வெறும் ஊர்ப்பற்று அன்று. உமியின் குணங்கள் தனித்துவமானவை. நெல்லின் எடையில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு உமி. ஒரு கிலோ உமியில் சுமார் 13 மெகாஜூல் வெப்பம் உண்டு. நல்ல நிலக்கரியின் பாதி எனலாம். ஆனால் அது பொசுக்கென்று எரிந்து முடியாது. மணலின் மூலப்பொருளான சிலிக்கா அதன் எலும்புக்கூடாய் நிற்பதால் உள்ளுக்குள் கனன்றுகொண்டேயிருக்கும். தட்டார் பட்டறையின் உமியோடு இந்தக் குணத்தை நம்பியே வந்தது. காற்றுக் குறைந்தால் நம் முன்னோர் பல்துலக்கிய உமிக்கரி மிஞ்சும். காற்று நிறைந்தால் வெண்சாம்பல், அதுவும் உமியின் எடையில் ஐந்திலொரு பங்கு. சாம்பல் மிதமான சூட்டில் உருவானால் சீமெந்துடன் கலக்க உதவும். 700 பாகை செல்சியஸைக் கடந்து வெகுநேரம் எரிந்தால் சிலிக்கா படிகமாகத் தொடங்கும். அத்தூசு நுரையீரலுக்குக் கேடு. ஒரே பொருள், வெப்பநிலைக்கும் காற்றுக்கும் ஏற்ப மூன்று முடிவுகள்! விளையாட்டை ஆக்குவோர்க்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

வெடிக்காத பொருளை யார் விரும்புவர் எனச் சிலர் கேட்கலாம். 2022 மார்ச் இறுதியில் இலங்கை நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் இருளில் கிடந்ததை அவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். நுரைச்சோலையின் 900 மெகாவாட் நிலையம் எரிப்பது கப்பலில் வரும் நிலக்கரி. டொலர் இல்லாத நாட்டில் எரிபொருளும் இல்லை என்பதை அன்று கண்டோம்.

உமி நாட்டைக் காப்பாற்றிவிடும் என்று நான் கூறவரவில்லை. ஒரு கன மீற்றர் உமி ஏறத்தாழ நூறு கிலோதான். லொறியில் ஏற்றினால் பெரும்பகுதி காற்றையே சுமக்கவேண்டும். மாரி வெள்ளத்தில் கிரான் – புலிபாய்ந்தகல் வீதி மூழ்கிப் படகில் கடக்கும் நாட்களை எண்ணினால், தொலைவிலுள்ள பெரிய நிலையத்துக்கு அள்ளிச்செல்வது வீண் கனவு. ஆலையடியிலேயே எரித்து, அவ்வாலையையே இயக்குவதுதான் பொருத்தம். சிறு நிலையத்தில் ஓர் அலகு மின்சாரத்துக்கு ஒன்றரை முதல் இரண்டு கிலோ உமி போதும். இந்தக் கணக்கைப் பாடப்புத்தகத்தில் படிப்பதைவிட, திரையில் காற்றைக் கூட்டியும் குறைத்தும் பார்க்கும் பிள்ளை விரைவில் பிடித்துக்கொள்ளும்.

மட்டக்களப்பில் நிரல் எழுதத் தெரிந்த இளைஞர்கள் பலர் உள்ளனர். அவர்களுள் ஒருவர் இதற்கு ஓரிரு மாலைப்பொழுதுகளைச் செலவிட்டால் மகிழ்வேன். அவ்விளையாட்டில் பொருட்களின் பெயர் ஆங்கிலத்தில் நான்கு எழுத்துக்குள் அடங்கவேண்டுமாம். உமிக்கு மூன்றே போதும்.