மதுரைக்கு எத்தனை நடை?

அமெரிக்காவின் முன்னாள் ஜனாதிபதி ஜோ பைடனுக்குப் பிராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் என்றும், அது எலும்புக்கும் பரவிவிட்டது என்றும் 2025 மே மாதம் அறிவித்தார்கள். அப்போது அவருக்கு வயது 82. டாக்டர்கள் எந்நேரமும் சூழ்ந்திருந்த மனிதருக்கே இவ்வளவு தாமதமாகத்தான் தெரிந்தது. அப்படியானால் திருச்சுழிப் பக்கம் பருத்திக்காட்டில் நிற்கும் பெரியவர் கதி என்ன?

நம் கரிசல் சீமையில் சிறுநீர் சொட்டுச் சொட்டாகப் போனால் "சூடு" என்பார்கள். தொப்புளில் விளக்கெண்ணெய் தடவுவார்கள். இடுப்பு வலித்தால் குனிந்து பாடுபட்ட வலி என்பார்கள். வயதானவர்களில் பலருக்குச் சுரப்பி வெறுமனே வீங்குவதும் உண்டு. அது புற்று அல்ல. எது எது என்று வீட்டில் இருந்தபடி கண்டுபிடிக்க முடியாது என்பதுதான் தொல்லை.

எல்லோருக்கும் சோதனை செய்துவிட்டால் என்ன? 30 வயது தாண்டியவர்களுக்கு வாய், மார்பகம், கருப்பை வாய் ஆகிய மூன்று புற்றுக்கும் சர்க்கார் சோதனை நடத்துகிறது. பிராஸ்டேட் அந்தப் பட்டியலில் இல்லை. ஆண்களுக்கு ஓரவஞ்சனை என்று நினைத்துவிட வேண்டாம். பி.எஸ்.ஏ. என்ற ரத்தப் பரீட்சை, சாதுவான நோயையும் சேர்த்துப் பிடித்துக் கொடுத்துவிடுகிறது. பிரிட்டனில் சுரப்பிக்குள்ளேயே நோய் அடங்கியிருந்த 1,643 பேரைப் பதினைந்து ஆண்டு கவனித்து 2023-ல் முடிவை வெளியிட்டார்கள். சிலருக்கு ஆபரேஷன், சிலருக்குக் கதிர் வைத்தியம், மற்றவர்களுக்குக் கண்காணிப்பு மட்டும். எந்த வழியானாலும் இந்த நோயால் இறந்தவர்கள் நூற்றுக்கு மூன்று பேர் அளவுதான்! ஆகவே, நோய் என்று தெரிந்ததும் காட்டை விற்கக் கிளம்ப வேண்டியதில்லை.

கூட வருவது யார்?

வைத்தியம் அவசியம் என்றாகிவிட்டால் பிரச்னை வேறு. விருதுநகரில் 2022-ல் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. ஆனால் கதிர் வைத்தியம் என்றால் பெரும்பாலும் மதுரைதான். அருப்புக்கோட்டையிலிருந்து சுமார் 50 கிலோ மீட்டர். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை ஆஸ்பத்திரிச் செலவுக்கு உதவும். மகன் திருப்பூரில் இருப்பான். கூட வரும் மனைவிக்கோ மருமகளுக்கோ ஒருநாள் கூலி போகும். நோயாளிகள் வைத்தியத்தைப் பாதியில் விடுவது ஏன் என்று யோசிப்பவர்கள் முதலில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும்.

விஞ்ஞானம் இந்தக் கணக்கைக் குறைத்திருக்கிறது என்பது நல்ல செய்தி. முன்பு 37 தடவை கொடுத்த கதிரை 20 தடவையில் கொடுத்தாலும் பலன் குறையவில்லை என்று 2016-ல் பிரிட்டிஷ் டாக்டர்கள் காட்டினார்கள். முற்றாத நோய்க்கு 5 தடவையே போதும் என்று 2024-ல் மற்றொரு ஆராய்ச்சி சொன்னது. அதற்கு நுட்பமான யந்திரம் வேண்டும். "எனக்கு எத்தனை நடை?" என்று டாக்டரைக் கேட்பதில் வெட்கம் என்ன?

நோய் பரவியவர்களுக்கு ஆண் சுரப்பு நீரை அடக்க வேண்டும். விதையை எடுத்துவிட்டால் புற்று சுருங்கும் என்று சார்லஸ் ஹக்கின்ஸ் 1941-லேயே கண்டார். 1966-ல் நோபல் பரிசு பெற்றார். அது ஒரே ஆபரேஷன். இன்றைய ஊசியோ, மாதம் ஒன்று அல்லது மூன்று மாதத்துக்கு ஒன்று என்று போய்க்கொண்டே இருக்கும். ஆபரேஷன் என்றால் ஆண்மை போய்விடும் என்று கூசுகிறார்கள். ஊசி செய்வதும் அதே வேலைதான் என்று யாராவது பக்குவமாக எடுத்துச் சொல்ல வேண்டாமா?

அபிராடெரோன் என்ற மாத்திரையை வெறும் வயிற்றில் நாலு விழுங்குவது வழக்கம். ஒரே மாத்திரையைக் காலை ஆகாரத்தோடு கொடுத்தாலும் ரத்தப் பரீட்சையில் அதே பலன் தெரிந்தது என்று 2018-ல் ஓர் ஆராய்ச்சி வந்தது. மருந்துச் செலவு கால் பங்காகும். ஆனால் அது 72 பேரிடம் மட்டும் நடந்த சோதனை. டாக்டர் சொல்லாமல் மாத்திரையைக் குறைக்கக் கூடாது.

ஒன்றுக்கு மட்டும் நடைக்கணக்கு உதவாது. நோய் உள்ளவருக்கு முதுகு வலியோடு கால் மரத்தாலோ, திடீரென்று வலுவிழந்தாலோ, முதுகுத் தண்டை நோய் நெரிக்கிறது என்று பொருள் இருக்கலாம். மறுநாள் காலை பஸ்ஸுக்குக் காத்திருந்தால் கால் திரும்ப வராமலே போகலாம். அன்றைக்கே 108-ஐக் கூப்பிட வேண்டும்.