மூடிய அணு ஆலைக்குள் யாரை அனுப்புகிறார்கள்?

2017 மே 9. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்திலுள்ள ஹான்ஃபோர்டு அணு வளாகத்தில் ஒரு சுரங்கத்தின் கூரை சுமார் இருபது அடி நீளத்துக்கு இடிந்து கிடந்தது. புளூட்டோனியம் பிரித்தெடுத்த பியூரெக்ஸ் ஆலையின் நஞ்சேறிய கருவிகளோடு எட்டு ரயில் பெட்டிகள் அதற்குள் நின்றன. 1956இல் மரச்சட்டங்கள் வைத்துக் கட்டி, மேலே மண் போட்டு மூடிய சுரங்கம் அது. ஆயிரக்கணக்கான தொழிலாளர்களை வெளியே வராமல் உள்ளேயே இருக்கச் சொன்னார்கள். லாரி லாரியாக மண் கொட்டிப் பள்ளத்தை மூடினார்கள். கதிரியக்கம் வெளியே பரவவில்லை என்று அறிவித்தார்கள்.

இதை விபத்து என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கதிர்வீச்சு அந்த மரத்தின் வலிமையைக் குறைத்துவருகிறது என்று பல ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவைத்திருந்தார்கள். இடிந்த பிறகுதான் அவசரம் பிறந்தது. அதே ஆண்டில் அந்தச் சுரங்கத்தையும், 2019இல் 28 பெட்டிகள் நின்ற இரண்டாவது சுரங்கத்தையும் சிமென்ட் கலவையால் நிரப்பினார்கள். இடிவதற்கு முன் இது ஏன் முடியவில்லை?

என் முனைவர் பட்ட ஆய்வு நம்மூர்த் தூய்மைப் பணியாளர்களைப் பற்றியது. அணு ஆலைகளைப் பற்றிப் படிக்கத் தொடங்கியது தற்செயல். ஆனால் படிக்கப் படிக்க, கேள்வி ஒன்றுதான் என்று புரிந்தது. உற்பத்தியின் பெருமை யாருக்கு, கழிவின் சுமை யாருக்கு?

ஹான்ஃபோர்டின் தொடக்கத்திலேயே இந்தக் கேள்வி இருக்கிறது. நாகசாகியில் வீசிய குண்டுக்கான புளூட்டோனியம் இங்கிருந்துதான் போனது. அதற்காக 1943இல் கொலம்பியா ஆற்றங்கரையில் வாழ்ந்த உழவர்களையும் வனாபம் பழங்குடியினரையும் வெளியேற்றினார்கள். 1855 ஒப்பந்தத்தின்படி யாகமா மக்களுக்கு மீன்பிடி உரிமை உள்ள நிலப்பரப்பு அது. ஆலையைக் கட்டுவதற்குக் கறுப்பினத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் வந்தார்கள். தங்குமிடம் தனி. கட்டி முடித்ததும் ஆலையின் நிரந்தர வேலைகள் அவர்களுக்கு ஏறக்குறைய மூடப்பட்டன. பக்கத்து ஊரான கென்னிவிக்கில் இருட்டிய பின் அவர்கள் இருக்கக் கூடாது. கிழக்குப் பாஸ்கோவில் ஒதுங்கி வாழ்ந்தார்கள். ஊரும் சேரியும் நமக்கு மட்டும் தெரிந்த வரைபடம் அல்ல.

அந்த உற்பத்தி நின்று முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. கட்டடங்கள் நிற்கின்றன. இடிக்கப் பணம் ஒதுக்கும்வரை அவற்றுக்குச் செய்வது 'கண்காணிப்பும் பராமரிப்பும்'. கேட்க எளிதாக இருக்கிறது. கூரை ஒழுகினால் மழைநீர் உள்ளே இறங்கி நஞ்சைக் கரைத்துக்கொண்டு போகும். காற்றை வடிகட்டி வெளியேற்றும் விசிறிகள் நிற்கக் கூடாது. எந்தக் குழாயில் என்ன ஓடியது என்று அறிந்தவர்கள் ஓய்வு பெற்றுப் போகிறார்கள். ஆண்டுதோறும் யாரோ ஒருவர் உடை மாட்டிக்கொண்டு உள்ளே போய்ப் பார்த்தாக வேண்டும்.

அப்படியானால் உடனே இடித்துவிடலாமா? அதுவும் எளிதல்ல. அங்கேயே 324 என்ற எண் கொண்ட கட்டடத்தை இடிக்கத் தயாரானபோது, 1986இல் சிந்திய கதிரியக்கக் கழிவு தரையைத் தாண்டி அடிமண்ணில் இறங்கியிருந்தது 2010இல் தெரிந்தது. சில நிமிடங்களில் உயிரைப் பறிக்கும் அளவுக்கு அந்த மண்ணில் கதிர்வீச்சு. கொலம்பியா ஆறு அருகிலேயே ஓடுகிறது. இப்போது அந்தக் கட்டடமே மழை படாமல் மண்ணைக் காக்கும் மூடி.

வளாகத்தின் இன்னொரு மூலையில் புளூட்டோனிய இறுதிச் செயலாக்க ஆலையை இடித்தபோது, 2017இல் நஞ்சுத் துகள்கள் காற்றில் பரவின. தொழிலாளர்களின் சொந்தக் கார்களில்கூட அவை கண்டுபிடிக்கப்பட்டன. 42 பேரின் உடலுக்குள் போயிருந்தன. அளவு சிறிதுதான் என்றார்கள். வேலையை நிறுத்தி, முறைகளை மாற்றி, 2021இல்தான் முடித்தார்கள். தாமதித்தாலும் அவசரப்பட்டாலும் விலை கொடுப்பவர்கள் ஒரே ஆட்கள்தாம். இரண்டையும் முடிவு செய்பவர்கள் வேறு ஆட்கள்.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஹான்ஃபோர்டில் இன்று வேலை செய்பவர்கள் தொழிற்சங்கம் உள்ளவர்கள். பிறப்பால் அந்த வேலைக்குள் தள்ளப்பட்டவர்கள் அல்லர். நம்மூர்ச் சாக்கடையோடு அதை அப்படியே பொருத்துவது தவறு. ஆனால் சங்கம் இருந்தும் அவர்கள் எவ்வளவு போராட வேண்டியிருந்தது என்று பாருங்கள். அவர்களுக்கு வரும் குறிப்பிட்ட நோய்களை வேலையால் வந்தவையாகவே கருத வேண்டும், இல்லையென்றால் மறுப்பவரே நிரூபிக்க வேண்டும் என்று 2018இல் வாஷிங்டன் மாநிலம் சட்டம் இயற்றியது. அதை எதிர்த்து வழக்குப் போட்டது கூட்டாட்சி அரசு. 2022 ஜூனில் உச்ச நீதிமன்றம், கூட்டாட்சி அரசையும் அதன் ஒப்பந்த நிறுவனங்களையும் மட்டும் அச்சட்டம் பாகுபடுத்துகிறது என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. நல்லவேளையாக, தீர்ப்புக்கு முன்பே மாநிலம் சட்டத்தைத் திருத்தி எழுதிப் பாதுகாப்பைக் காப்பாற்றிக்கொண்டது.

குண்டு செய்ய உழைத்த இடத்தில், நோய்க்கு நிரூபணம் கேட்டு நீதிமன்றம் போகிறது அரசு. விஷவாயு தாக்கிச் செத்தவரின் குடும்பத்தை ஆதாரம் கேட்டு அலையவிடும் நாட்டில் வாழும் நமக்கு இந்தக் குரல் புதிதா?

எனவே 'பாதுகாப்பாக மூடிவைத்திருக்கிறோம்' என்று எந்த அரசு சொன்னாலும் நாம் கேட்க வேண்டியவை சில உண்டு. காத்திருப்பதற்கு ஆண்டுதோறும் என்ன செலவு, என்ன ஆபத்து என்பதைப் பொதுவில் வையுங்கள். நோயை நிரூபிக்கும் சுமையை நோயாளியின் தோளிலிருந்து இறக்குங்கள். ஆபத்து தெரிந்தால் வேலையை நிறுத்தும் உரிமையை உள்ளே போகிறவருக்கே கொடுங்கள். எதை முதலில் இடிப்பது என்று முடிவெடுக்கும் மேசையில் நிலத்தை இழந்தவர்களும் கருவியைப் பிடிப்பவர்களும் உட்கார வேண்டும். கருத்துக் கேட்டு அனுப்பிவைப்பது போதாது.

இனி ஒரு புதிய ஆலையின் திறப்பு விழாப் படத்தைப் பார்த்தால், நாடா வெட்டுகிறவரை விட்டுவிடுங்கள். ஐம்பது ஆண்டு கழித்து அதற்குள் யாரை அனுப்பப் போகிறீர்கள் என்று கேளுங்கள். அதற்குப் பதில் கிடைக்கும்வரை அந்த ஆலையின் கணக்கு முடிந்ததாக ஒப்புக்கொள்ளாதீர்கள்.